பெயர் பாலஸ்தீனம், சம்பளம் டமாஸ்கஸ்

#1 பழையபேப்பர்

போன வாரம் வேறோர் இழையில் ஒருவர், "சிரியாவின் உள்நாட்டுப் போரில் பாலஸ்தீனர்கள் அதிபர் அசாத் பக்கம்தான் நின்றார்கள், லிவா அல்-குத்ஸ் இருந்ததே" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கேயே பதில் எழுதினால் அவர்கள் பேச்சு கெட்டுவிடும். அதனால் இங்கே தனியாக.

லிவா அல்-குத்ஸ் என்றால் ஜெருசலேம் படையணி. 2013 அக்டோபரில் அலெப்போவில் தொடங்கியது. தொடங்கியவர் முகமது அல்-சயீத், தொழிலால் இன்ஜினியர், நெய்ரப் அகதி முகாமைச் சேர்ந்தவர். ஆரம்பத்தில் சிரிய விமானப்படை உளவுத்துறையின் நிழலில் இருந்தது. பிறகு ரஷ்யர்கள் வந்து ஆயுதமும் பயிற்சியும் கொடுத்துப் பதக்கமும் குத்தினார்கள். அலெப்போ, டெய்ர் அஸ்-ஸோர், டமாஸ்கஸின் தென்புறம், மத்திய சிரியாவின் பாலைவனம் என்று சண்டை போட்டார்கள். ஜெருசலேம் பக்கம் மட்டும் போகவில்லை. படையின் மீதிக் கதை இன்னும் வேடிக்கை: அதில் நிறையப் பேர் பாலஸ்தீனர்களே இல்லை, அலெப்போ சுற்றுவட்டாரச் சிரியர்கள்.

நான் சொல்ல வருவது, இது உள்நாட்டுப் போரில் திடீரென்று முளைத்ததல்ல. டமாஸ்கஸில் யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் சட்டைப்பையில் ஒரு பாலஸ்தீனப் படை வைத்திருந்தார்கள். அறுபதுகளிலிருந்தே அப்படித்தான்.

#2 தோழர்_செங்கோடன்

தலைப்பே ஒருபக்கமாக இருக்கிறதே ஐயா. அகதியாக ஓடிவந்தவர்களை எந்த அரபு நாடு எப்படி நடத்தியது என்று முதலில் பார்க்க வேண்டாமா? சிரியாவில் 1956-லேயே 260-ஆம் எண் சட்டம் வந்தது. வேலை, வியாபாரம், படிப்பு எல்லாவற்றிலும் சிரியர்களுக்குச் சமம், ஆனால் அவர்களுடைய பாலஸ்தீன அடையாளம் அப்படியே இருக்கும் என்றது. பக்கத்து லெபனானில் பல தொழில்களுக்குள் அவர்களால் நுழையவே முடியாது. தன்னை ஏற்றுக்கொண்ட நாட்டுக்காக ஒருவன் துப்பாக்கி எடுத்தால் அவன் கைக்கூலியா?

இன்னொன்று. டமாஸ்கஸில் உட்கார்ந்திருந்த அகமது ஜிப்ரிலின் பொதுக் கட்டளை என்ற பாலஸ்தீன ஆயுத அமைப்புதான் 1985-ல் மூன்று இஸ்ரேலியச் சிப்பாய்களைக் கொடுத்து 1,150 கைதிகளை மீட்டது. பின்னாளில் ஹமாஸைத் தொடங்கிய ஷேக் அகமது யாசின் வெளியே வந்தது அந்தப் பரிமாற்றத்தில்தான். 1987 நவம்பரில் மோட்டார் கிளைடரில் பறந்துபோய் ராணுவ முகாமில் இறங்கி ஆறு இஸ்ரேலியச் சிப்பாய்களைக் கொன்றவரும் அந்த அமைப்புக்காரர்தான். இதெல்லாம் எந்த எஜமானுக்குச் செய்த எடுபிடி வேலை?

#3 நெல்லைக்கண்ணாடி

சண்டைக்கு நடுவே ஒரு அப்பாவிக் கேள்வி. அறுபதுகளிலிருந்தே என்றால் எந்த அமைப்பைச் சொல்கிறீர்கள்? எனக்கு அரஃபாத்தின் ஃபத்தா தெரியும், ஹமாஸ் தெரியும், ஜார்ஜ் ஹபாஷ் பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்குமேல் கைவசம் இல்லை.

#4 பழையபேப்பர்

நெல்லை, அந்த மூன்றும் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். நீங்கள் தவறவிட்டது அஸ்-ஸாயிக்கா. அரபியில் இடி. எழுபதுகளின் தொடக்கத்தில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்குள் ஃபத்தாவுக்கு அடுத்த பெரிய அமைப்பு அதுதான். இன்று யாருக்கும் ஞாபகமில்லை என்பதே ஒரு செய்தி.

சிரியாவை ஆண்ட பாத் கட்சி 1966-ல் முடிவெடுத்து, 1968 வாக்கில் களத்தில் இறக்கியது. அப்போது டமாஸ்கஸில் அதிகாரம் சலாஹ் ஜதீத் கையில். பாதுகாப்பு அமைச்சர் ஹாஃபிஸ் அல்-அசாத், 2024 வரை ஆண்ட பஷார் அசாத்தின் அப்பா. இரண்டு பேருக்கும் ஆகாது. ராணுவம் அசாத்தின் பிடியில் இருந்ததால் ஜதீத் தனக்கென்று ஒரு ஆயுத பலம் வேண்டும் என்று ஸாயிக்காவைக் கையில் வைத்திருந்தார். கவனியுங்கள், இஸ்ரேலை எதிர்க்க என்று உருவான படை பிறந்த இரண்டே வருடத்தில் சிரிய உட்கட்சிச் சண்டையில் ஒரு சீட்டாகிவிட்டது. 1970 நவம்பரில் அசாத் ஆட்சியைப் பிடித்ததும் முதல் வேலைகளில் ஒன்றாக ஸாயிக்காவைக் களையெடுத்தார். பிறகு தன் ஆளான ஸுஹைர் முஹ்சினைத் தலைவராக வைத்தார்.

அப்புறம் 1976. லெபனான் உள்நாட்டுப் போரில் பாலஸ்தீனர்களும் லெபனான் இடதுசாரிகளும் ஜெயிக்கிற நிலை வந்தது. தன் பேச்சைக் கேட்காத ஒரு லெபனான் பக்கத்தில் முளைப்பது அசாத்துக்குப் பிடிக்கவில்லை. ஜூன் மாதம் சிரிய டாங்கிகள் உள்ளே வந்தன, அவர்களுக்கு எதிராக. ஸாயிக்காவுக்கு உத்தரவு: சிரியாவின் பக்கம் நில். பெய்ரூத்தில் ஃபத்தாவும் கூட்டாளிகளும் ஸாயிக்கா அலுவலகங்களைச் சூறையாடினார்கள். ஸாயிக்காவின் ஆட்களில் பலர் துப்பாக்கியோடு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். செங்கோடனின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் அந்த ஓடிப்போனவர்கள்தான். எஜமான் யாரென்று அன்றைக்கு ஒவ்வொருவனும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஆகஸ்ட் 12-ல் பெய்ரூத்தின் தல் அல்-ஸஅதர் பாலஸ்தீன முகாம் கிறிஸ்தவ ஆயுதக் குழுக்களிடம் வீழ்ந்தது. சிரியா தடுக்கவில்லை.

ஸுஹைர் முஹ்சினுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஸுஹைர் அஜமி. அஜமி என்றால் பாரசீகக் கம்பளம். லெபனானில் அவருடைய ஆட்கள் வீடு புகுந்தால் முதலில் கம்பளம்தான் காணாமல் போகும் என்று வந்த பெயர். 1979 ஜூலையில் பிரான்ஸின் கான் நகரில் சூதாட்ட விடுதியிலிருந்து வீடு திரும்பும்போது சுடப்பட்டு மறுநாள் இறந்தார். விடுதலைப் போராளிக்குக் கான் கடற்கரையில் வீடு எதற்கு என்று அப்போதே கேட்டிருக்கிறார்கள்.

#5 கேள்விக்குறி

அந்த ஸுஹைர் முஹ்சின்தானே, "பாலஸ்தீன மக்கள் என்று ஒருவர் இல்லை" என்று பேட்டி கொடுத்தவர்? தலைவரே ஒப்புக்கொண்ட பிறகு நீங்கள் ஏன் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?

#6 மஞ்சள்வெயில்

இந்தப் பேட்டி இல்லாமல் இணையத்தில் ஒரு பாலஸ்தீன விவாதம் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆறாவது பதிவுக்குள் வந்துவிட்டது, பரவாயில்லை.

ட்ரோ என்ற டச்சு நாளிதழுக்கு 1977-ல் கொடுத்தது. ஜோர்தானியர், சிரியர், லெபனானியர், பாலஸ்தீனர் எல்லாரும் ஒரே மக்கள், தனி அடையாளம் பேசுவது அரசியல் உத்தி என்பது அதன் சாரம். சரி, சொன்னவர் யார்? பாத் கட்சிக்காரர். எல்லா அரபிகளும் ஒரே தேசம் என்பது அந்தக் கட்சியின் அடிப்படைக் கோஷம். டமாஸ்கஸ் அதற்கு வைத்த உரை இன்னும் சௌகரியம்: பாலஸ்தீனம் பரந்த சிரியாவின் தென்பகுதி, அதனால் அதன் தலைவிதியை நாங்கள் முடிவுசெய்வோம், அரஃபாத் யார் கேட்க?

ஆக, அந்தப் பேட்டி பாலஸ்தீனர்கள் தம்மைப் பற்றிக் கொடுத்த வாக்குமூலம் ஆகாது. சம்பளம் கொடுப்பவரின் கொள்கையைச் சம்பளம் வாங்குபவர் ஒப்பித்திருக்கிறார். பழையபேப்பரின் தலைப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதைப் போய் எதிர்வாதமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

#7 வளைகுடாவாசி

நான் பெரும்பாலும் படிக்கிறவன், எழுதுகிறவன் இல்லை. இந்த விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஷார்ஜாவில் ஒன்பது வருடம் ஒரே அறையில் எனக்கு எதிர் மேசை ஒரு பாலஸ்தீனர். டமாஸ்கஸை ஒட்டிய யர்மூக் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவர். பாஸ்போர்ட் கிடையாது, சிரியா கொடுத்த பயணப் பத்திரம்தான். வசீக்கா என்பார். அதைப் புதுப்பிக்கிற மாதம் வந்தால் மனுஷன் முகம் செத்துவிடும்.

அசாத் காலச் சிரியாவில் அவர்களுக்கும் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. ஆனால் சிரிய ராணுவத்தில் இல்லை, பாலஸ்தீன விடுதலைப் படை என்று தனி. பெயரைக் கேட்டால் நமக்குப் புல்லரிக்கும். அவரிடம் ஒருநாள் கேட்டேன், "அண்ணே, அந்தப் படையில் இருந்து எதை விடுவித்தீர்கள்?" டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மேஜர் வீட்டு ஆலிவ் மரங்களை, காய்களிடமிருந்து." இரண்டு அறுவடைக்காலம் ஏணி பிடித்திருக்கிறார். மீதி நேரம் காஸ் சிலிண்டர் தூக்கியது. மேஜர் சிரியர்.

அவருடைய தம்பி ஒருவர் போர் சமயத்தில் யர்மூக்கிலேயே இருந்தார். அவரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

#8 பழையபேப்பர்

அந்தப் படையின் பூர்வீகத்தையும் சேர்த்துவிடுகிறேன். 1964-ல் அரபு நாடுகள் கூடி உருவாக்கியது. படையணிகளின் பெயரெல்லாம் காவியம்: ஐன் ஜாலூத், காதிசிய்யா, ஹித்தீன். மூன்றும் பழைய வெற்றிப் போர்கள். ஆனால் ஒவ்வொரு படையணியும் எந்த நாட்டில் இருந்ததோ அந்த நாட்டு ராணுவத்தின் கட்டளையில். 1970 செப்டம்பரில் ஜோர்தானுக்குள் சிரியா டாங்கிகளை அனுப்பியபோது அவற்றின்மேல் இந்த விடுதலைப் படையின் சின்னத்தைத்தான் வரைந்து அனுப்பியது. சிக்கினால் "எங்களுடையது இல்லை" என்று சொல்லலாமே.

டமாஸ்கஸ் மட்டுமல்ல, பாக்தாத்தும் தன் பங்குக்கு 1969-ல் அரபு விடுதலை முன்னணி என்று ஒன்றை வைத்தது. அது வேறு இழைக்கு உரிய கதை.

#9 தோழர்_செங்கோடன்

மேஜர், ஆலிவ் எல்லாம் ரசித்தேன். மறுக்கவில்லை. ஆனால் லிவா அல்-குத்ஸுக்கு வாருங்கள். நெய்ரப் முகாம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அலெப்போ விமான நிலையத்துக்கு ஒட்டினாற்போல். இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகளுக்குக் கட்டிய பட்டாளக் கொட்டகைகளில் 1948-க்குப் பிறகு அகதிகளைக் குடிவைத்தார்கள். பேரன் பேத்தி வரை அங்கேதான். விமான நிலையத்தைப் பிடிக்க நினைக்கிற எவனும் அந்த முகாமைத் தாண்டித்தான் போகவேண்டும்.

2012 ஜூலையில் பயிற்சி முடித்து நெய்ரபுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பத்துக்கும் மேற்பட்ட பையன்களைக் கடத்திக் கொன்றுவிட்டார்கள். எல்லாரும் வளைகுடாவாசி சொன்ன அதே விடுதலைப் படையின் கட்டாயச் சேவைக்காரர்கள். 2013 ஏப்ரலில் அலெப்போவின் இன்னொரு பாலஸ்தீன முகாமான ஹந்தராத்துக்குள் எதிர்ப்புக் குழுக்கள் புகுந்து மொத்த ஜனத்தையும் வெளியேற்றின. அவர்களில் பலர் நெய்ரபுக்குத்தான் ஓடிவந்தார்கள். அதே வருடம் அக்டோபரில் படையணி தொடங்குகிறது. இந்த வரிசையைப் பார்த்த பிறகும் "சம்பளம் டமாஸ்கஸ்" என்று ஒரே வரியில் முடிப்பீர்களா? வாசலில் ஆள் நிற்கும்போது எவன் துப்பாக்கி கொடுத்தாலும் வாங்கத்தான் செய்வான்.

#10 பழையபேப்பர்

நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன். ஹந்தராத் வெளியேற்றத்தை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். பையன்கள் கொலையில் மட்டும் ஒரு திருத்தம்: இரண்டு தரப்பும் எதிர்த்தரப்பைத்தான் கைகாட்டின. ஆனால் நெய்ரபுக்காரன் மனதில் அது யார் கணக்கில் விழுந்தது என்பது நீங்கள் சொன்னபடிதான்.

என் சந்தேகம் அதற்கு அடுத்த கட்டத்தில். 2016 செப்டம்பர் கடைசியில் ஹந்தராத்தை இதே படையணி மீட்டது. அதுவரை உங்கள் விளக்கம் நிற்கிறது: சொந்த முகாம், சொந்த ஜனம். அந்த வருடம் டிசம்பரோடு அலெப்போ முழுக்க அரசின் கையில். அப்போதே துப்பாக்கியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் அல்லவா? ஏன் டெய்ர் அஸ்-ஸோர்? நெய்ரபுக்கும் டெய்ர் அஸ்-ஸோருக்கும் என்ன சம்பந்தம்? துப்பாக்கி கொடுத்தவர் அப்படி விடுவாரா என்ன. வாசலைக் காக்க வாங்கியதற்குக் கணக்குத் தீர்க்கிற இடம் அடுத்த மாகாணத்தில் இருக்கும்.

#11 மஞ்சள்வெயில்

நெய்ரபைப் பற்றிச் செங்கோடன் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்கிறேன். யர்மூக்கை என்ன செய்வது?

டமாஸ்கஸ் மையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர். இரண்டு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடம். போருக்குமுன் சுமார் 1,60,000 பாலஸ்தீனர்கள், அவர்களோடு சிரியர்களும். முகாம் என்று பெயரே தவிர கூடாரம் எதுவும் கிடையாது, நம் ஊர் ரங்கநாதன் தெரு மாதிரி கடைவீதி.

2011-ல் சிரியா முழுக்கக் கொதிக்கத் தொடங்கிய நேரம். ஜூன் 5 அன்று யர்மூக் இளைஞர்களைப் பேருந்துகளில் ஏற்றி, இஸ்ரேல் பிடித்துவைத்திருக்கும் கோலானின் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். சாதாரண நாளில் பாதுகாப்புத் துறை அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. அன்றைக்கு மட்டும் எல்லாச் சோதனைச்சாவடியும் திறந்திருந்தது. எல்லையில் இஸ்ரேலியச் சிப்பாய்கள் சுட்டார்கள். 23 பேர் இறந்ததாகச் சிரிய அரசு சொன்னது.

மறுநாள் யர்மூக்கில் சவ ஊர்வலம். உடல்களோடு போன ஜனத்தின் கோபம் இஸ்ரேலோடு நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகளை டெல்லி அப்பளம் மாதிரி உதிர்த்துப்போட்டு டி.வி.யில் காட்டினீர்களே என்று ஜிப்ரில் அமைப்பின் அலுவலகத்தை நோக்கித் திரும்பியது. அந்தக் கட்டடத்தின் பெயர் அல்-காலிசா. 1948-ல் அழிந்த ஒரு பாலஸ்தீன கிராமத்தின் பெயர் அது. இன்று அங்கே கிர்யத் ஷ்மோனா நகரம். அந்தப் பெயர் தாங்கிய கட்டடத்தின் உள்ளேயிருந்து பாலஸ்தீனக் காவலர்கள் பாலஸ்தீன சவ ஊர்வலத்தின்மேல் சுட்டார்கள். பல பேர் இறந்தார்கள். கட்டடத்தைக் கொளுத்திவிட்டது கூட்டம்.

அதற்குப் பிறகுதான் "மக்கள் குழுக்கள்" என்ற பெயரில் ஜிப்ரில் ஆட்கள் தெருவுக்குத் தெரு சாவடி போட்டார்கள். 2012 டிசம்பர் 16-ல் அரசின் மிக் விமானம் யர்மூக்கில் ஒரு பள்ளிவாசலைக் குண்டுவீசித் தாக்கியது. உள்ளே இருந்தவர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து அடைக்கலம் வந்தவர்கள். ஜனம் மூட்டை கட்டியது. எதிர்ப்புக் குழுக்கள் உள்ளே வந்தன, ஜிப்ரில் ஆட்கள் முகாமின் வடக்கு முனைக்கு ஒதுங்கினார்கள். 2013 ஜூலையிலிருந்து முழு முற்றுகை. மிஞ்சியிருந்த சுமார் 18,000 பேருக்கு உள்ளே மாவு போகவில்லை. அந்த அக்டோபரில் பூனை, நாய், கழுதை தின்னலாம் என்று அங்குள்ள இமாம் ஒருவர் மார்க்கத் தீர்ப்பு கொடுக்க வேண்டியிருந்தது. 2014 மார்ச்சில் அம்னெஸ்டி வெளியிட்ட கணக்கில் பட்டினியால் செத்தவர்கள் மட்டும் 128 பேர். முற்றுகை போட்டது அரசுப் படை. வாசலில் கூட நின்றது ஜிப்ரிலின் ஆட்கள்.

செங்கோடன், கிளைடர் பறந்த அதே அமைப்புதான் இது. 1987-ஐ நீங்கள் எடுத்துக்கொண்டால் 2013-ஐயும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

#12 நெல்லைக்கண்ணாடி

"டெல்லி அப்பளம்" எங்கிருந்து வந்தது? :) ஆனால் அந்தப் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஹமாஸ் இதில் எங்கே நின்றது?

#13 மஞ்சள்வெயில்

ஆத்திரத்தில் எழுதினால் உவமை அப்படித்தான் வரும், மன்னிக்கவும்.

ஹமாஸ் தலைமையும் டமாஸ்கஸில்தான் இருந்தது. அசாத்தை ஆதரித்து வாய்திறக்க மறுத்து 2012-ல் வெளியேறியது. பத்து வருடம் கழித்து 2022 அக்டோபரில் சமாதானம் பேசி டமாஸ்கஸ் போனது. அதற்காகவும் சிரியர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

#14 யாழ்வல்லை

எங்கட சித்தப்பா ஆட்கள் எழுபதுகளில் ஈழப் போராளி இயக்கமான ஈரோஸ் மூலமாக லெபனான் போய் ஃபத்தா முகாமில் பயிற்சி எடுத்தவர்களைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அவர்கள் வாயில் பாலஸ்தீனம் என்றால் ஒரே துண்டு. அங்கேயே பக்கத்துத் தெருவில் இன்னொரு பாலஸ்தீன இயக்கம் வேறு நாட்டு உளவுத்துறையிடம் படி வாங்கிக்கொண்டு இருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாமல் இருந்திருக்காது. எங்களுக்குச் சொல்ல மனமில்லைப் போல.

#15 தோழர்_செங்கோடன்

யர்மூக் வாசல் பற்றி என்னிடம் பதில் இல்லை. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை.

ஆனால் ஒன்றைப் பதிவுசெய்துவிட்டுப் போகிறேன். 1985-ல் சிரியாவின் ஆசியோடு லெபனான் ஷியாக்களின் அமல் இயக்கம் பெய்ரூத்தின் ஷத்தீலா, புர்ஜ் அல்-பராஜ்னே முகாம்களை முற்றுகையிட்டபோது டமாஸ்கஸ் ஆதரவுப் பாலஸ்தீன அமைப்புகளின் ஆட்களும் முகாமைக் காக்கத்தான் சுட்டார்கள். தலைமை ஒன்று சொல்லும், முகாமில் நிற்பவன் வேறொன்று செய்வான்.

#16 பழையபேப்பர்

உண்மை. 1976-ல் ஸாயிக்காவை விட்டு ஓடினவர்களும் அந்த ரகம்தான். ஆனால் 1988-ஐயும் சொல்லிவிடுங்கள். அமல் மூன்று வருடம் முட்டியும் கிடைக்காத அந்த இரண்டு முகாம்களை அரஃபாத் ஆட்களிடமிருந்து கடைசியில் பிடுங்கியது யார்? டமாஸ்கஸின் தயவில் ஃபத்தாவிலிருந்து பிரிந்த அபூ மூசாவின் ஆட்கள். ஜூன் இறுதியில் ஷத்தீலா, ஜூலையில் புர்ஜ். மூன்று வருட முற்றுகை செய்யாததைச் சொந்த ஆட்கள் சில வாரங்களில் செய்தார்கள்.

அப்புறம், டமாஸ்கஸில் ராணுவ உளவுத்துறையின் 235-ஆம் பிரிவு ஒன்று இருந்தது. பாலஸ்தீனர்களைக் கவனிக்க என்று தொடங்கிய பிரிவு. அதன் பாதாளச் சிறைக்குச் சிரியர்கள் வைத்த பெயர் "ஃபலஸ்தீன் கிளை". அந்த ஊரில் ஒரு அம்மா "என் மகனை ஃபலஸ்தீனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்" என்று அழுதால் அதற்கு அர்த்தம் வேறு.

#17 நெல்லைக்கண்ணாடி

இப்போது இவர்களெல்லாம் என்ன ஆனார்கள்?

#18 பழையபேப்பர்

2024 நவம்பர் கடைசியில் அலெப்போ விழுந்தது, டிசம்பர் 8-ல் அசாத் மாஸ்கோ போய்விட்டார். லிவா அல்-குத்ஸ் கலைந்தது. ஜிப்ரில் 2021-லேயே டமாஸ்கஸில் இறந்துவிட்டார். அவருக்குப்பின் வந்த தலால் நாஜியை 2025 மே மாதம் புதிய அரசு பிடித்துச் சில மணிநேரம் வைத்திருந்து அனுப்பியது. டமாஸ்கஸில் இருந்த அமைப்புகள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அறுபது வருடக் கதை ஒரு குளிர்காலத்தில் முடிந்துவிட்டது.

#19 வளைகுடாவாசி

இழையை என் பழைய சகாவுக்குச் சொன்னேன். தமிழ் தெரியாது, நான் அரைகுறை அரபியில் போனில் சுருக்கிச் சொன்னேன். கம்பளக் கதைக்குச் சிரித்தார். 2018-ல் யர்மூக் அரசுப் படையிடம் விழுந்த பிறகு நடந்ததற்கு அவர்கள் ஊரில் ஒரு வார்த்தை இருக்கிறதாம், தஅஃபீஷ். வீட்டுச் சாமானை அள்ளுவது. கம்பளத்தோடு நிற்கவில்லை, சுவரை வெட்டிச் செம்புக் கம்பியையும் தரை ஓடுகளையும் பெயர்த்துப் போயிருக்கிறார்கள். போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சுவிட்சு இருந்த இடமெல்லாம் ஓட்டையாக ஒரு படம் அனுப்பினார்.

தம்பியைப் பற்றி இந்தமுறை அவரே சொன்னார். ஜிப்ரில் ஆட்களின் மக்கள் குழுவில்தான் இருந்தாராம், நாலு மாதம். சாவடி அவர்கள் வீட்டு வாசலிலேயே போட்டதால் உள்ளே போக வர அம்மாவுக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது என்று சேர்ந்தது. மிக் வந்த மறுநாள் துப்பாக்கியை அலுவலகத்துப் படிக்கட்டில் சாய்த்துவைத்துவிட்டு அம்மாவோடு லெபனான் பஸ் ஏறிவிட்டார். இப்போது ஸ்வீடனில் பேக்கரி வேலை. அண்ணன் போய்வந்த படத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லையாம்.